காரின் லெதர் சீட்டைச் சுத்தம் செய்வது எப்படி? புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

இன்று வரும் கார்களில் அசல் லெதர் சீட்டாக இருப்பவற்றில் பெரும்பாலானவை பெயிண்ட் அடித்த தோல். மாட்டுத் தோலைப் பதனிட்டு, சாயம் ஏற்றி, அதன் மேல் நிறப்பூச்சு அடித்து, கடைசியாக பாலியூரித்தேன் என்ற தெளிவான பூச்சு ஒன்றையும் கொடுத்துத்தான் சீட்டில் தைக்கிறார்கள். இந்தப் பூச்சு மொத்தமும் சேர்ந்து ஒரு காகிதத் தாளைவிட மெல்லியது. நாம் உட்காருவது அதன் மேல், துடைப்பதும் அதைத்தான். சீட் வெளுத்துப் போவது, பிசுபிசுப்பது, வெடிப்பு விடுவது எல்லாமே இந்தப் பூச்சில்தான் ஆரம்பிக்கின்றன. பூச்சைக் காப்பாற்றினால் உள்ளே இருக்கும் தோல் பல வருஷம் தானாகத் தாங்கும்.

இது தெரியாததால்தான் “தோல் காய்ந்து போகிறது, எண்ணெய் தடவு” என்ற யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. தேங்காய் எண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தடவினால் பூச்சைத் தாண்டி உள்ளே போகாது. மேலே நின்று தூசியைப் பிடிக்கும், நாளடைவில் சிக்கு வாடை வரும். அந்தத் தூசி ஒவ்வொரு முறை நாம் ஏறி இறங்கும்போதும் உப்புத்தாள் மாதிரி சீட்டைத் தேய்க்கும். லெதர் சீட்டுக்கு முதல் எதிரி வறட்சி இல்லை, அழுக்குதான். வெயில் இரண்டாவது.

முதலில், உங்கள் சீட் எந்த வகை?

நம் ஊரில் விற்கும் கார்களில் “லெதர்” என்று வாய்வார்த்தையில் சொல்லப்படுவது பெரும்பாலும் லெதரெட், அதாவது செயற்கைத் தோல். கார் விவரப் புத்தகத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். விலை உயர்ந்த கார்களிலும் இது உண்டு. மெர்சிடிஸ் இதை ஆர்ட்டிகோ என்கிறது, பிஎம்டபிள்யூ சென்ஸாடெக் என்கிறது. அசல் தோல் போட்ட கார்களில்கூட பல சமயம் உட்காரும் இடத்திலும் சாயும் இடத்திலும் மட்டும்தான் தோல் இருக்கும். பக்கவாட்டும் முதுகுப்புறமும் வினைல், நாம் ரெக்ஸின் என்று சொல்வது.

கண்டுபிடிக்க நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். சீட்டின் அடியில், தையல் முடியும் இடத்தில் வெட்டு ஓரம் ஒன்று தெரியும். அதன் உள்பக்கம் மெத்தென்று நார் நாராக இருந்தால் தோல். பின்னல் துணி ஒட்டியிருந்தால் லெதரெட். அப்படியே மறைவான ஒரு இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்து மாதிரி நின்றால் பூச்சு உள்ள தோலாகவோ லெதரெட்டாகவோ இருக்கும். உள்ளே இறங்கி இடம் கருத்தால் அது பூச்சு இல்லாத அனிலின் தோலாக இருக்கலாம், அல்லது பூச்சு தேய்ந்து போன பழைய சீட்டாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தாது, விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது. சில கார்களில் வெல்வெட் மாதிரி இருக்கும் அல்காந்தாராவும் வேறு சங்கதி. அது தோலே இல்லை. மெல்லிய பிரஷ்ஷும் லேசான ஈரத்துணியும் போதும்.

லெதரெட் வைத்திருப்பவர்கள் பாதியில் படிப்பதை நிறுத்த வேண்டாம். சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். கண்டிஷனர் மட்டும் உங்களுக்குத் தேவையில்லை.

என்ன வாங்க வேண்டும்

பெரிய பட்டியல் இல்லை. லெதர் கிளீனர் ஒரு பாட்டில், நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, மென்மையான பிரஷ் ஒன்று (குதிரைமுடி பிரஷ் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் குழந்தைகளுக்கான சாஃப்ட் டூத் பிரஷ்), முனையில் மயிர் வைத்த வேக்வம் கிளீனர். கலர்லாக், மெகுயர்ஸ், 3எம் என்று பல கம்பெனிகள் லெதருக்கான சாமான்களை விற்கின்றன. எந்தக் கம்பெனி என்பதைவிட, நீர் கலந்த கிளீனரா, அமில காரச் சமநிலை உள்ளதா என்று லேபிளில் பார்ப்பது முக்கியம். பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மை உடையது, பிஎச் அளவு ஏறத்தாழ 4, 5 என்று இருக்கும். குளியல் சோப்பும் துணி சோப்புத் தூளும் 9, 10 என்று காரத்தின் பக்கம் நிற்பவை. பூச்சு முழுதாக இருக்கும்வரை அது பெரிதாகத் தெரியாது. தையல் ஓட்டை வழியாகவும் மெல்லிய வெடிப்பு வழியாகவும் காரம் உள்ளே போகப் போகத்தான் தோல் விறைக்கும்.

கிளீனரும் கண்டிஷனரும் ஒரே பாட்டிலில் என்று வருவதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அழுக்கை எடுக்காமலே அதன் மேல் பூசுவதில்தான் அது முடியும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் சீட் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும், கறுப்புச் சீட்டில் அப்பட்டமாகத் தெரியும். துணி நனைக்க ஒரு சொம்பு கேன் தண்ணீர் போதும், கஞ்சத்தனம் வேண்டாம்.

செய்யும் முறை

காலையிலோ சாயங்காலமோ, நிழலில். வெயிலில் நின்ற கார் என்றால் கதவுகளைத் திறந்து போட்டு சீட் ஆறும்வரை காத்திருங்கள். சூடான சீட்டில் கிளீனர் துடைக்கும் முன்பே காய்ந்து கறையாக நின்றுவிடும்.

முதலில் வேக்வம். இதைத் தாண்டிப் போகாதீர்கள், பாதி வேலை இதில்தான் இருக்கிறது. மணலும் பிஸ்கட் தூளும் இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் அதே மணலை வைத்து சீட்டைச் சுரண்டுவதாக ஆகும். மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ போய்வந்த கார் என்றால் கேட்கவே வேண்டாம். சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி ஒரு தடவை, முன்னால் இழுத்து ஒரு தடவை. உட்காரும் பகுதியும் சாயும் பகுதியும் சேரும் இடுக்கை விரலால் விரித்துப் பிடித்து எடுங்கள். சீட் பெல்ட் மாட்டும் பக்கில் பக்கத்திலும் பாருங்கள், சில்லறைக் காசு, பேனா மூடி, ஹேர்பின் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். தையல் வரிசைக்கு டூத் பிரஷ்ஷால் ஒரு இழுப்பு, கூடவே வேக்வம்.

அடுத்து சோதனை. டிரைவர் சீட்டின் முதுகுப்புறம் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில், ஈரமான வெள்ளைத் துணியில் கொஞ்சம் கிளீனர் எடுத்துத் தேயுங்கள். துணியில் சாம்பலோ பழுப்போ வந்தால் அழுக்கு, தொடரலாம். சீட்டின் நிறமே வந்தால் உடனே நிறுத்துங்கள். பூச்சு விட ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் தேய்த்தால் இன்னும் போகும்.

இனி சுத்தம். கிளீனரை சீட்டின் மேல் நேரே அடிக்கக் கூடாது. பிரஷ்ஷிலோ ஈரத்துணியிலோ எடுத்து நுரை வரச் செய்து, ஒரு சமயத்தில் ஒரு துண்டு மட்டும் செய்யுங்கள். துண்டு என்றால் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை. பிரஷ்ஷைச் சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் ஓட்ட வேண்டும். மயிர் நுனிதான் வேலை செய்ய வேண்டும். மயிர் மடிந்தால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள். தோலின் மேல்பக்கம் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் சின்னச் சின்ன பள்ளமும் மேடுமாகத்தான் இருக்கும். அழுக்கு பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதால் வெறும் துணி அதன் மேலோடு போய்விடும். பிரஷ் தேவைப்படுவது அதற்குத்தான். வெள்ளை நுரை கொஞ்ச நேரத்தில் டீ நிறத்துக்கு வரும். காய விடாமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கேன் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. துணி அழுக்கானால் மடிப்பைத் திருப்புங்கள், எல்லாப் பக்கமும் அழுக்கானால் வேறு துணி எடுங்கள்.

டிரைவர் சீட்டில் கதவுப் பக்கம் தூக்கலாக இருக்கும் விளிம்பும், தலை சாயும் இடமும், ஸ்டியரிங்கும் இரண்டு சுற்று கேட்கும். மற்றவை ஒரு சுற்றில் முடியும்.

ஓட்டை ஓட்டையாக இருக்கும் சீட்டில், அதிலும் காற்று வரும் வென்டிலேட்டட் சீட்டில், ஈரத்தைப் பாதியாகக் குறையுங்கள். கீழே ஸ்பாஞ்ச், அதற்குக் கீழே ஃபேன், ஒயர், ஆள் உட்கார்ந்திருப்பதைக் காட்டும் சென்சார் எல்லாம் இருக்கின்றன. துணியில் எடுத்துத் துடைத்தால் போதும். ஓட்டையில் ஏதாவது அடைத்திருந்தால் பல்குச்சியால் மெதுவாக நெம்பி வேக்வம் போடுங்கள்.

முடிந்ததும் கதவுகளைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் காய விடுங்கள். காய்ந்த சீட் பளபளக்காது, மங்கலாக இருக்கும். ‘இவ்வளவு வேலை செய்தும் ஷைனிங் வரவில்லையே’ என்று தோன்றும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான லெதர் சீட்டுகள் இப்படி மங்கலாகத்தான் இருக்கும். அப்புறம் வரும் பளபளப்பில் பெரும்பங்கு நம் வியர்வையும் தலை எண்ணெயும் படிந்தது.

கண்டிஷனர் எவ்வளவு?

விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இதற்கு மகிமை கிடையாது. பூச்சு முழுதாக உள்ள தோலில் கண்டிஷனர் ஆழமாக உள்ளே இறங்க வழியில்லை. அது செய்யும் நல்ல காரியம் வேறு. மேலே மெல்லிய படலமாக நின்று, துணி உரசுவதையும் ஜீன்ஸ் சாயம் ஏறுவதையும் குறைக்கும். அதனால் புதுக் காருக்கு லெதர் புரொடெக்டர் என்று விற்பதையே வாங்குங்கள். கொஞ்சம் பழைய சீட்டுக்கு, விளிம்புகள் விறைப்பாகத் தெரிந்தால், கண்டிஷனர். இரண்டையும் வருஷத்துக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் போட வேண்டியதில்லை.

போடும்போது ஒரு ரூபாய் நாணய அளவு துணியில் எடுத்து ஒரு துண்டு முழுக்கப் பரப்புங்கள். கால்மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் மீதியைத் துடைத்து எடுத்துவிடுங்கள். கை வைத்தால் ஒட்டக் கூடாது. ஓட்டைகள் உள்ள பகுதியில் கிரீம் வகை வேண்டவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும். நீர் மாதிரி உள்ளதைத் துணியில் தொட்டுப் பூசலாம்.

டேஷ்போர்டு பாலிஷ் என்று கேனில் வரும் சிலிகான் சரக்கு சீட்டுக்கு ஆகாது. உட்கார்ந்தால் வழுக்கும், பிரேக் அடிக்கும்போது உடம்பு முன்னால் சறுக்கும். பின்னாளில் சீட்டுக்கு நிறம் அடிக்கப் போனால் அந்தச் சிலிகான் மேல் பெயிண்ட் பிடிக்கவும் செய்யாது. வாட்டர் வாஷ் கடையில் காரை விடும்போதே “தம்பி, சீட்டுக்குப் பாலிஷ் போட வேண்டாம், வேக்வம் மட்டும் போதும்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் டயருக்கு அடிக்கும் அதே கையோடு உள்ளேயும் அடித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பளபளப்பைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர் காசு கொடுக்கிறார்.

நம் ஊர்க் கறைகள்

தலை சாயும் இடத்தில் கறுப்பாகப் படிவது தேங்காய் எண்ணெயும் வியர்வையும் தூசியும் சேர்ந்த கலவை. இது வாரா வாரம் ஈரத்துணி போட்டால் வரவே வராது. விட்டுவிட்டால் பூச்சையே மெதுவாக மென்மையாக்கி உரிய வைக்கும். சேர்ந்துவிட்டதென்றால் கிளீனர் நுரையை ஒரு நிமிஷம் அப்படியே விட்டு, பிரஷ் போட்டு எடுங்கள். ஒரே நாளில் முழுதாகப் போக வேண்டும் என்று மல்லுக்கட்டாமல், அடுத்த வாரம் இன்னொரு தடவை.

மஞ்சளும் சாம்பாரும் சிந்தினால் முதலில் ஒற்றி எடுங்கள், தேய்த்துப் பரப்ப வேண்டாம். சோப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலப்பது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லெதர் கிளீனரில் துடைத்துவிட்டு, மீதி நிற்கும் லேசான மஞ்சளை விட்டுவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். குங்குமம் அப்படி இல்லை. காய்ந்த பொடியாக விழுந்தால் ஈரம் படுவதற்கு முன் வேக்வத்தால் உறிஞ்சிவிட வேண்டும்.

காபி, பால் சிந்துவதில் கறை பெரிதல்ல, நாற்றம்தான். தையல் வழியாக ஸ்பாஞ்சுக்குள் இறங்கிய பால் இரண்டு நாள் வெயிலில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டாம். சிந்தியவுடன் காய்ந்த துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, துணி மாற்றி மாற்றி உறிஞ்சுங்கள். உள்ளே போய்விட்டால் சீட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அதை நீங்களே செய்ய வேண்டாம். சீட்டுக்கு அடியில் தெரியும் மஞ்சள் நிற கனெக்டர் ஏர்பேக்கினுடையது, விளையாட்டில்லை.

வெளிர் நிறச் சீட்டில் ஜீன்ஸின் நீலம் ஏறுவது சகஜம். புதிதாக ஏறியது கிளீனருக்கு வந்துவிடும், மாதக்கணக்கில் ஊறியது முழுதாக வராது. பீஜ் உள்பக்கம் அழகுதான், ஆனால் வீட்டில் இரண்டு பேர் ஜீன்ஸ் போடுகிறவர்கள் என்றால் நான் கறுப்புப் பக்கம்.

பேனா மைக்குத்தான் வீட்டு வைத்தியங்கள் அதிகம். ஹேர் ஸ்ப்ரே, நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், டூத் பேஸ்ட், சானிடைசர். எல்லாமே மையை எடுக்கும், கூடவே பூச்சையும் எடுத்துவிடும். நீலக் கோடு இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும். சானிடைசர் தனியாகவே ஆபத்து. ஆல்கஹால் ஈரத்தோடு கையை ஸ்டியரிங்கில் வைத்து வைத்து அதன் மேல்பக்கம் பிசுபிசுத்துப் போன கார்கள் கொரோனா காலத்தில் நிறைய. மை பட்டால் லெதர் கிளீனரில் ஒற்றிப் பாருங்கள், வந்தவரை லாபம். “மேஜிக்” என்று விற்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் உண்மையில் மிக நைசான உரசும் பொருள்தான்.

வெயிலும் மழையும்

கத்திரி வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். கண்ணாடியில் படும் நேர் வெயில் பூச்சை வெளுக்கவைத்து, விறைக்க வைத்து, வெடிக்கவும் வைக்கும். முன் கண்ணாடிக்கு மடக்கும் சன்ஷேடு, பக்கத்துக்கு வலை. சன்ஷேடு போட்ட காரில் சீட் தப்பிப்பதோடு ஸ்டியரிங்கையும் கையில் பிடிக்க முடிகிறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனை இருந்தால், 2012இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது என்பதை நினைவில் வையுங்கள். முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பது விதி.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை தலைகீழ். பத்து நாள் எடுக்காமல் நின்ற காரில், ஈர மிதியடியும் மூடிய கண்ணாடியுமாக இருந்தால், சீட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூக்கும். காரை வெளியே கொண்டுவந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, கிளீனர் நனைத்த துணியால் துடைத்து அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம். மிதியடியைக் கழற்றி அடியில் இருக்கும் கார்பெட்டைத் தொட்டுப் பாருங்கள், ஈரத்தின் ஊற்று பெரும்பாலும் அங்கேதான். அது காயாமல் சீட்டை எத்தனை தடவை துடைத்தாலும் திரும்ப வரும். மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை ஏசி போட்டு அரைமணி நேரம் ஓட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் குறையும்.

அன்றாடம்

வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் தூசி தட்டுங்கள், டிரைவர் சீட்டை மட்டும் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். மேலே சொன்ன முழுச் சுத்தம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பின்பாக்கெட்டில் பர்ஸும் சாவிக்கொத்தும் வைத்துக்கொண்டு உட்காருவதை விட்டுவிடுங்கள். விளிம்பில் சறுக்கிக்கொண்டு ஏறாமல், முதலில் உட்கார்ந்து பிறகு காலை உள்ளே எடுங்கள். டிரைவர் சீட்டின் வெளி விளிம்பு மற்ற இடங்களுக்கு முன்பே தேய்ந்து போவது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

லெதருக்கு மேல் இன்னொரு சீட் கவர் போடுவது எனக்குச் சம்மதமில்லை. இடையில் சிக்கும் தூசி உரசிக்கொண்டே இருக்கும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்னத் துணி லேபிள் தொங்கினால் அங்கே கவர் போடுவது உயிருக்கே ஆபத்து, விபத்தில் பை விரிய வழியிருக்காது.

ஏற்கெனவே வெடிப்பு விட்டிருந்தால் எந்தக் கிரீமும் அதை மூடாது. தோல் சரிசெய்பவர்கள் சுத்தம் செய்து, ஃபில்லர் நிரப்பி, அதே நிறத்தைக் கலந்து அடித்துத் தருவார்கள். சின்ன வெடிப்புக்கு அது நன்றாகவே நிற்கும். கிழிசல் என்றால் அந்த ஒரு துண்டை மட்டும் பிரித்துப் புதுத் தோல் வைத்துத் தைக்கலாம், முழுச் சீட்டையும் மாற்றச் சொன்னால் இன்னொரு கடையில் விசாரியுங்கள். அந்தத் துண்டு ஏர்பேக் பக்கம் வருவதாக இருந்தால், அங்கே எந்த நூல் போடுவீர்கள் என்று கேளுங்கள். கம்பெனி அந்த இடத்தில் பை விரியும்போது தெறித்துப் போகிற மாதிரி பலம் குறைந்த நூலைத்தான் போட்டிருக்கும். “ஸ்ட்ராங்கான நூலே போட்டுடறேன் சார்” என்று பதில் வந்தால் காரைத் திருப்பிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.